தாயின் மொழியும் மகளின் தாய்மொழியும்

குடிபெயர்ந்தோர் வரலாற்றை எழுதுவோர் ஆடவர்தம் தொழிலையும் அரசர் அளித்த ஆதரவையுமே பெரிதும் ஆராய்வர். வீட்டினுள் தாய்க்கும் மகளுக்கும் இடையே நிகழும் மொழிப்பிரிவு அவ்வாராய்ச்சியில் இடம்பெறுவது அரிது. சீனத்திலிருந்து அமெரிக்கா சென்ற தாயர் நால்வரையும், அங்கே பிறந்த அவர்தம் மகளிரையும் பொருளாகக் கொண்டு ஏமி டான் 1989-இல் வெளியிட்ட ‘ஜாய் லக் கிளப்’ என்னும் புதினம் அப்பிரிவை உலகறியச் செய்தது. அதனோடு ஒப்புநோக்கத்தக்க நிலை நம் நெசவூர்களிலும் உண்டு.

நெசவாளர் பெயர்ச்சி பழமையானது. இலாட நாட்டுப் பட்டு நெசவாளர் தசபுரத்திற் குடியேறிக் கதிரவனுக்குக் கோயில் எடுத்ததைக் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் மந்தசோர்க் கல்வெட்டு கூறுகின்றது. அவருட் சிலர் நெசவிலேயே நிலைத்தனர். வேறு சிலர் வில்வித்தை, வானநூல் முதலியவற்றை மேற்கொண்டனர். அக்கல்வெட்டிற் பெண் பட்டுடுத்தும் அழகியாகவே வருகின்றாள். தாயாகவோ மகளாகவோ வருவதில்லை.

திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டி, செயற்கைப்பட்டுச் சேலைக்கும் சுங்குடிக்கும் பெயர்பெற்றது. அங்கு நெசவுத்தொழில் புரியும் தேவாங்கர், சௌடேசுவரி அம்மனைக் குலதெய்வமாகப் போற்றுவோர். தமிழகத் தேவாங்கரின் வீட்டுமொழி கன்னடம் அல்லது தெலுங்கு. எழுதுவதும் படிப்பதும் தமிழே. ஆகவே தாயின் மொழி மகளுக்கு எழுத்தில்லா மொழியாயிற்று. தறிக்கு வேண்டிய தாரைத் தாயும் மகளும் ஒருங்கிருந்து சுற்றியவரை, அப்பேச்சு நிலைபெற இடம் இருந்தது.

1937-இல் வார்தாவில் உருப்பெற்ற ஆதாரக் கல்வித் திட்டம், தாய்மொழிவழியே கற்பிக்க வேண்டும் என்றது. அந்நெறியைப் போற்றிய காந்திகிராமம், டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் முயற்சியால் 1947-இல் சின்னாளப்பட்டிக்கு அருகே தோன்றியது. ஆயின் நெசவாளர் மகளுக்குத் தாய்மொழி எனப் பள்ளி தந்தது தமிழ். தாயின் மொழி அன்று. கல்வி மகளைத் தறியினின்றும் விடுவித்தது, அது பெரும்பேறு. அவ்விடுதலையோடு, தாய் தன் தாலாட்டையும் பழங்கதையையும் ஒப்படைத்தற்குரிய செவி மெல்ல அகன்றது.

இப்பூசலைக் கீழ்ப்படியாமை என்று கொள்வது பொருந்தாது. மகள் மறுத்துப் பேசுவதால் மட்டும் தாய்க்கு வருத்தம் உண்டாவதில்லை. தன் மொழி தன்னோடு முடியுமோ என்னும் அச்சமும் அவ்வருத்தத்துள் அடங்கும். மகளைத் தன்பால் ஈர்த்துக்கொண்ட மொழி நம் தமிழே. ஆதலின், அத்தாயர் கூறுவனவற்றை அவர் மொழியிலேயே கேட்டுத் தமிழ் எழுத்திற் பதிந்து வைத்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும். அதனையும் உட்கொண்டதே தமிழக வரலாறு.