சீப்பு அறியுமோ நிறபேதம்?

முடி என்றால் மகுடம். முடி என்றால் மயிர். சொல் ஒன்று, பொருள் இரண்டு. முதற் பொருளுக்கு உரியவர்களைப் பற்றி ஏடுகள் ஏராளம்! எவன் எப்போது முடி சூடினான், எவன் முடியை எவன் பறித்தான், எந்த முடியில் எத்தனை மணிகள் ஒளிவிட்டன என்பதையெல்லாம் பள்ளிச் சிறுவனும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறான். இரண்டாம் பொருளுக்கு உரியவர்களைப் பற்றியோ, ஏடுமில்லை, எழுத்துமில்லை. அரசன் தலையிலும் ஆண்டி தலையிலும் கைவைத்த தொழிலாளி, வரலாற்றின் வாயிற்படிக்கு வெளியே நிறுத்தப்பட்டான்.

அவன் கையிலிருந்த கருவியின் கதையைத்தான் இங்கே சொல்ல எண்ணுகிறேன். இரு வரிசை எஃகுப் பற்கள். அவற்றின் முன்னே மாட்டும் ஒரு சிறு சீப்பு. இதிலே என்ன வரலாறு இருந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். நிறவெறியின் நீண்டநாள் பொய் ஒன்றை நிலைகுலைய வைத்த வரலாறு இருக்கிறது, தோழர்களே!

கையில் இருந்த அளவு

பொறி வருமுன் முடிவெட்டு எப்படி நடந்தது? இடக்கையிலே சீப்பு, வலக்கையிலே கத்தரி. சீப்பு முடியை உயர்த்திப் பிடிக்கும். சீப்புக்கு மேலே நீண்டதைக் கத்தரி வெட்டும். சீப்பைத் தலையோடு ஒட்டிப் பிடித்தால் முடி குட்டை. சற்றே தூக்கிப் பிடித்தால் முடி நீளம். நீளத்தை முடிவு செய்வது சீப்பின் உயரம். சீப்பின் உயரத்தை முடிவு செய்வதோ தொழிலாளியின் மணிக்கட்டு. அளவுகோல் கிடையாது, அட்டவணை கிடையாது. ஆண்டுக்கணக்கில் அருகிருந்து பார்த்துப் பழகிய கையே கணக்கு. அது அரிய திறமை. அந்தத் திறமைக்கு நாடுகள் தந்த மதிப்பு என்ன என்பது வேறு கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கைமிஷின் வந்தது. பற்கள் கொண்ட இரு தகடுகள், கீழ்த்தகடு அசையாது, மேல்தகடு இடமும் வலமுமாக ஓடும். பற்களின் இடையே புகுந்த முடி, ஒரே நேரத்தில் பல கத்தரிகள் வெட்டினாற்போல் அறுபடும். 1831ஆம் ஆண்டு அமெரிக்காவிலே சைரஸ் மெக்கார்மிக் வயலில் ஓட்டிக் காட்டிய அறுவடைப் பொறியும், அசையாத விரல்களினூடே அங்குமிங்கும் ஓடும் கத்தியால்தான் கதிரறுத்தது. 1888ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் டன்லப் பண்ணையிலே, ஃபிரடெரிக் வோல்ஸ்லி ஆக்கிய பொறிகள் ஆட்டு மந்தையின் ரோமத்தைக் கத்தரித்தபோதும், பல் வைத்த தகடுகளே அந்த வேலையைச் செய்தன. கதிருக்கும் கம்பளிக்கும் கிராப்புக்கும் தத்துவம் ஒன்றே!

ஆனால் கைமிஷினுக்கு ஒரு குறை. கைப்பிடியை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கை சோரும். வெட்டும் வேகத்தை மிஞ்சிப் பொறி முன்னே நகர்ந்துவிட்டால், பற்கள் முடியை அறுக்காமல் பிடித்து இழுக்கும். நாற்காலியில் அமர்ந்தவன் கண்ணில் நீர் துளிர்க்கும். பின்னர் மின்மோட்டார் வந்தது. மோட்டாரின் பாரம் பெரிது. அதைத் தனியே வைத்து, வளையும் தண்டொன்றின் வழியாக வெட்டும் தலைக்கு விசையைக் கொண்டுவந்தார்கள். தொழிலாளியின் கை அந்தத் தண்டுக்குக் கட்டுப்பட்டது.

சிற்றூர்களில் பிறந்த சிந்தனை

இந்தக் கட்டை அவிழ்த்தவர் லியோ வால் என்ற இளைஞர். இலினாய் மாநிலத்திலே ஸ்டெர்லிங் என்ற சிற்றூர். அவருடைய குடும்பத்தார் ஈடுபட்டிருந்தது, உடம்பு பிடித்துவிடும் மின்காந்தக் கருவி ஆக்கத்திலே. உடம்பைப் பிடிக்கும் அதிர்வால் முடியை வெட்டினால் என்ன என்று எண்ணினார் இளைஞர்! 1919ஆம் ஆண்டு, விசையையும் வெட்டும் தகட்டையும் ஒரே கூட்டில் அடக்கிக் கைக்குள் பிடிக்கும் பொறியைச் செய்தார். 1921ஆம் ஆண்டு அவருடைய நிறுவனம் ‘வால் கிளிப்பர் கார்ப்பரேஷன்’ என்ற பெயர் பூண்டது.

அதன் இயக்கம் எளிது. அமெரிக்காவில் மின்னோட்டம் நொடிக்கு 60 சுற்றுத் திசைமாறிப் பாய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் காந்தம் இருமுறை வலுப்பெற்று, இருமுறை வலுவிழக்கிறது. வலுப்பெறும்போது ஓர் இரும்புத் துண்டை இழுக்கிறது. வலுவிழக்கும்போது வில் அதைத் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் துண்டின் முனையிலே வெட்டும் தகடு. ஆக, நிமிடத்துக்கு 7,200 வெட்டு! மின்னோட்டம் 50 சுற்றாக உள்ள நம் நாட்டிலே அதே பொறி 6,000 முறை வெட்டும். பற்சக்கரமில்லை, பட்டையில்லை, சோர்வுமில்லை.

மிச்சிகன் ஏரிக்கரையிலே ரசீன் என்ற மற்றோர் ஊர். அங்கே 1922ஆம் ஆண்டு மேத்யூ ஆண்டிஸ் கிளிப்பர் நிறுவனம் தொடங்கினார். 1924ஆம் ஆண்டு ஜான் ஆஸ்டர் தொடங்கினார். ஆஸ்டர் முதலில் செய்தது கைமிஷின். விற்றதற்குக் காரணம், அந்நாளில் பெண்கள் கூந்தலைக் குறைத்துக்கொண்ட புதுவழக்கம். அந்த வழக்கம் மூட்டிய புயலைப் பின்னே சொல்கிறேன்.

எண்ணான கலை

முடி வேகமாக வெட்டுப்பட்டது சரி. நீளத்தை யார் முடிவு செய்வது? இங்கேதான் இந்தக் கதையின் உயிர்நாடி.

முதல் வழி, பொறியின் பக்கத்திலுள்ள சிறு நெம்புகோல். கீழ்த்தகட்டின் பல், நுனியிலே மெல்லியது. அடிநோக்கிச் செல்லச் செல்லத் தடித்தது. நெம்புகோலைத் தள்ளினால் மேல்தகட்டின் விளிம்பு நுனியைவிட்டுப் பின்வாங்கும். வெட்டு, தடித்த இடத்திலே நிகழும். தலைத்தோலுக்கும் வெட்டுக்கும் இடையே எவ்வளவு எஃகு நிற்கிறதோ, அவ்வளவு முடி மிஞ்சும். அரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வரை இதனால் இயலும்.

இரண்டாம் வழி, முன்னே மாட்டும் சீப்பு. இடக்கை பிடித்திருந்த சீப்பையே பொறியின் முகத்தில் பூட்டிவிட்டார்கள்! சீப்பின் பற்கள் சாய்தளம்போல் சரிந்திருக்கும். படிந்த முடியை நிமிர்த்தி வெட்டும் தகட்டிடம் ஒப்படைக்கும். தகடு தோலை நெருங்காமல் காவலும் காக்கும். மணிக்கட்டு காத்த உயரத்தை இப்போது சீப்பு காக்கிறது. அதற்கு எண்ணும் இட்டார்கள். ஒன்றாம் எண் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். இரண்டு என்றால் 6. நான்கு என்றால் 13. எட்டு என்றால் முழு அங்குலம். பின்னாளில் பல சீப்புகளுக்குப் பதில், சக்கரத்தைத் திருப்பினால் முன்னும் பின்னும் நகரும் ஒரே சீப்பும் வந்தது. சான்டியேகோ நகரத் தச்சர் ரிக் ஹன்ட்ஸ், தலையில் படிந்த மரத்தூளைத் தூசியுறிஞ்சி இழுப்பதைக் கண்டு, காற்றால் முடியை உறிஞ்சி நிமிர்த்தி வெட்டும் ‘ஃப்ளோபீ’யை ஆக்கிக் காப்புரிமை பெற்றார். அதிலே இடைக்குழாய்களின் நீளமே முடியின் நீளம்!

எண் வந்ததால் கலை செத்துவிட்டதா? இல்லை. முடி வளரும் திசையிலே பொறியை ஓட்டினால் முடி சற்று நீளமாக நிற்கும். எதிர்த்திசையில் ஓட்டினால்தான் சொன்ன அளவு கிட்டும். அழுத்திப் பிடித்தால் பிளாஸ்டிக் சீப்பு வளையும், அளவு பொய்க்கும். பிடரியில் ஒன்று, அதற்குமேல் இரண்டு, அதற்கும்மேல் நான்கு என்று ஏறும்போது, எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையே கோடு தெரியாமல் இழைத்துவிட வேண்டுமே, அது கற்ற கையின் வேலை. ஆனால் ஒன்று மாறியது. அடிப்படை அளவு இரகசியமாக இல்லை. எவரும் கற்கலாம், எவர் தலைக்கும் பொருத்தலாம்.

கறுப்புக் கையும் வெள்ளைத் தலையும்

இனி, அந்தக் கருவி புழங்கிய நாட்டின் முகத்தைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே முடிதிருத்தும் தொழில் நெடுங்காலம் கறுப்பர் கையில் இருந்தது. அடிமை நாட்களிலே எசமானுக்கு முகம் மழித்தவன் கறுப்பன். விடுதலைக்குப் பின் கடைவைத்து வெள்ளையருக்கு முடிவெட்டியவனும் கறுப்பன். 1858ஆம் ஆண்டு அடிமைக் குழந்தையாகப் பிறந்த அலோன்சோ ஹெர்ண்டன், அட்லாண்டா நகரின் பீச்ட்ரீ தெருவிலே பளிங்கும் சரவிளக்கும் பளபளத்த மாளிகைபோன்ற கடையை நடத்தினார், பெருஞ்செல்வரானார், 1905ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் நிறுவனமும் கண்டார். அந்தக் கடையின் நாற்காலியில் அமர்ந்தோர் அனைவரும் வெள்ளையர்! கறுப்பனை அமரவைத்தால் வெள்ளையன் வரமாட்டான்; வருமானம் போகும். கறுப்பனுக்குச் சொந்தமான கடையிலே, கறுப்பனுக்கு இடமில்லை. இத்தனை பணிந்தும் பயன் உண்டா? 1906ஆம் ஆண்டு நிறவெறிக் கலவரத்திலே அந்தக் கடையும் தாக்கப்பட்டது.

அடுத்து வந்தது பெண்களின் குட்டை முடி. 1915ஆம் ஆண்டு நடனமணி ஐரீன் காசில் கூந்தலைக் குறைத்தார். 1920களிலே அது நாடெங்கும் பரவியது. கூந்தல் முடிக்கத் தெரிந்த அழகு நிலையங்களுக்குக் குட்டையாக வெட்டப் பழக்கமில்லை. பெண்கள், ஆண்களின் முடிதிருத்தகங்களில் நுழைந்தார்கள். பழமைவாதிகள் பதறினர்! 1926ஆம் ஆண்டு அட்லாண்டா நகரசபை, கறுப்புத் தொழிலாளர் வெள்ளைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முடிவெட்டலாகாது என்று தடைவிதித்தது. மறு ஆண்டு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்று தள்ளியது. தலைமுறை தலைமுறையாக வெள்ளைத் தலையைத் தொட்ட கை, திடீரென்று தீட்டுக் கையானது எப்படி? கை மாறவில்லை, கருவி கெடவில்லை. பெண் தன் விருப்பப்படி நாற்காலியில் வந்து அமர்ந்ததும், ஆதிக்கம் கலங்கியது. அவ்வளவுதான்!

“தெரியாது” என்ற திரை

1964 மார்ச் 14. ஓஹையோ மாநிலத்தின் எல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர். லூயிஸ் கெக்னர் என்ற வெள்ளையரின் முடிதிருத்தகத்தின் முன்னே மாணவர் கூட்டம். கறுப்பருக்கு அவர் முடிவெட்டுவதில்லை. கேட்டால், அவர்கள் முடியை வெட்டத் தமக்குத் தெரியாது என்பது அவர் சொன்ன சமாதானம். தண்ணீர்ப் பீச்சும் கண்ணீர்ப்புகையும் மாணவர்மீது பாய்ந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். கெக்னர் கடையை மூடினாரேயன்றிக் கதவைத் திறக்கவில்லை.

தெரியாதாம்! சுருள்முடியைத் திருத்தத் தனிப் பயிற்சி வேண்டும் என்பது மெய்யே, மறுப்பதற்கில்லை. ஆனால் பயிற்சி என்பது பிறவியிலே வருவதா? பழகினால் வருவதா? நேர்முடியை வெட்டக் கறுப்பர் கற்றார்களே, அதுவும் அடிமைச் சங்கிலி பூண்ட காலத்திலே! அந்தச் சங்கிலி இல்லாதவருக்குக் கற்க நேரமில்லையா? எட்டில் ஒரு பங்கு அங்குலம், வெள்ளைத் தலையிலும் எட்டில் ஒரு பங்கு. கறுப்புத் தலையிலும் எட்டில் ஒரு பங்கு. பிடரியிலிருந்து படிப்படியாக நிழல்போல் ஏறும் வெட்டைச் சிறந்த கலையாக வளர்த்தவர்களிலே கறுப்புத் தொழிலாளர் முன்வரிசையினர். அதையும் இதே பொறியாலும் சீப்பாலுமே வளர்த்தனர். “தெரியாது” என்பது அறியாமையன்று; “கூடாது” என்பதற்குப் போட்ட திரை.

இங்கே நாம் நம் முகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிவெட்ட மறுப்பது அமெரிக்க வழக்கம் மட்டுமா? 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் — 1976 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது — தீண்டாமையின் பேரால் பணி மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. ஆயினும் தாழ்த்தப்பட்டோருக்கு முடிவெட்ட மறுக்கும் தமிழகச் சிற்றூர்களைப் பற்றிய செய்திகள் இந்த நூற்றாண்டிலும் ஏடுகளில் வந்தவண்ணம் இருக்கின்றன. கத்தரி பிடித்தவனைக் கடிந்துவிட்டுப் போவது எளிது. அவனும் சாதி ஏணியின் கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டவன். அங்கே நாற்காலியை மறுக்கும் வாய் அவனுடையது, மறுக்கச் சொல்லும் அதட்டல் ஊர்ப் பெரியதனத்தினுடையது. அட்லாண்டாவிலே ஹெர்ண்டனின் கடையைக் கறுப்பருக்கு அடைத்துவைத்ததும் இதே அச்சந்தான்!

2020ஆம் ஆண்டு கொள்ளை நோயால் கடைகள் அடைபட்டபோது, வீட்டுக்கு வீடு பொறி புகுந்தது. தந்தை தலையில் மகன் மூன்றாம் எண் சீப்பை ஓட்டினான். கணவன் தலையில் மனைவி ஓட்டினாள். இனி எந்தக் கடையும் வேண்டாம், பேதமும் தானே ஒழியும் என்று சிலர் எண்ணலாம். அது ஏமாற்றம். வீட்டிலே வெட்டிக்கொள்ளும் வசதி, பொது இடத்திலே மறுக்கப்பட்ட உரிமைக்கு ஈடாகாது. எல்லோ ஸ்பிரிங்ஸ் மாணவர் முடிக்காகவா தெருவில் நின்றனர்? நாற்காலிக்காக நின்றனர்!

பொறி செய்யக்கூடியது ஒன்று: சாக்குப்போக்கின் காலை வெட்டிவிடும். அளவு கையில் ஒளிந்திருந்தவரை “என்னால் ஆகாது” என்பதற்குச் சிறிது இடமிருந்தது. அளவு எண்ணாகிச் சீப்பில் பொறிக்கப்பட்டபின் அந்த இடமும் போயிற்று. எஞ்சி நிற்பது மனத்தின் அழுக்கு. அதற்கேற்ற சீப்பை எந்தத் தொழிற்சாலையும் வார்க்கவில்லை.

ஆகவே, இளைஞர்காள்! உங்கள் ஊர் முடிதிருத்தகத்துக்கு அடுத்தமுறை செல்லும்போது, உமக்கு என்ன எண் சீப்பு என்பதோடு நின்றுவிடாதீர். அந்த நாற்காலியில் ஊரார் அனைவரும் அமர்கின்றனரா என்று கேளுங்கள். அமரவில்லையெனில், அமர முடியாதவரை அழைத்துக்கொண்டு செல்லுங்கள். தொழிலாளிக்கும் துணையாக நில்லுங்கள்.