முன்மதியும் துணிவும்

கோவை மறைமாவட்ட வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் ஆயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக்கின் பெயரைக் காண்கிறோம். பிரான்சு நாட்டில் 1813இல் பிறந்த அவர், 1842இல் புதுவைக்கு வந்தார். 1850இல் கோவையின் முதல் திருத்தூதுப் பதிலாளரானார். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவது பற்றியும் சாதி வழக்கங்கள் பற்றியும் எழுந்த கருத்து வேற்றுமைகளால் பொறுப்பைத் துறந்து தாயகம் திரும்பினார். பின்னர் 1856 டிசம்பர் 8 அன்று, லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையை நிறுவினார்.

1859 மே 14 அன்று அவர் சியரா லியோனின் பிரீடவுன் துறைமுகத்தை அடைந்தபோது, நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. கரையிறங்க வேண்டாமெனக் கப்பல் தலைவர் எச்சரித்தார் என்பர். முன்னரே அங்குச் சென்றிருந்த தம் தோழர்களைத் தனியே விட மனமின்றி ஆயர் இறங்கினார். தோழர்களுள் நால்வர் அந்த ஜூன் மாதத்திலேயே மடிந்தனர். கரையிறங்கிய 42ஆம் நாள், ஜூன் 25 அன்று, ஆயரும் உயிர்நீத்தார். 2020இல் திருஅவை அவருடைய வீரத்துவமான நற்பண்புகளை ஏற்று அறிவித்தது.

அவர் காலத்து மருத்துவம் எதனை அறிந்திருந்தது? சிங்கோனா மரப்பட்டையின் பயனை ஐரோப்பாவில் பரப்பியவர்கள் இயேசு சபையினர். அப்பட்டையிலிருந்து பெறப்படும் குயினைனை முன்கூட்டியே உண்டால் மலேரியாவைத் தடுக்கலாம் என்பதை, 1854இல் மருத்துவர் பெய்க்கி தலைமையில் நைஜர் ஆற்றில் சென்ற குழு காட்டியது. மஞ்சள் காய்ச்சலுக்கோ அது பயன்படாது. அந்நோயைக் கொசு பரப்புகிறது என்று கியூபா மருத்துவர் கார்லோஸ் பின்லே கூறியது 1881இல். வால்டர் ரீடின் குழு அதனை மெய்ப்பித்தது 1900இல். இன்றைய கானா நாட்டில் ஓர் ஆப்பிரிக்கரின் குருதியிலிருந்து 1927இல் பிரித்தெடுக்கப்பட்ட நுண்கிருமியைக் கொண்டே, மாக்ஸ் தெய்லர் 1937இல் தடுப்பூசியை உருவாக்கினார்.

இன்று நம் பங்குகளிலிருந்தும் குருக்கள், அருள்சகோதரிகள், வேலை நாடும் இளைஞர் ஆப்பிரிக்கா செல்கின்றனர். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்திற்குக் குறைந்தது 10 நாள்கள் முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். 2016 முதல் அதன் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். மலேரியாவுக்கு மருத்துவர் தரும் மாத்திரைகளைத் திரும்பிய பின்னரும் குறித்த நாள்வரை உண்ண வேண்டும். கொசுவலையும் மருத்துவக் காப்பீடும் தேவை. தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுசெல்ல நேர்ந்தால், அச்செலவு ஒரு குடும்பத்தையே கடனில் ஆழ்த்திவிடும்.

“கடவுள் காப்பார்; ஊசி எதற்கு?” என்று கேட்போர் உண்டு. கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன அலகையை ஆண்டவர் மறுத்ததை அவர்கள் நினைப்பாராக. மருத்துவரையும் மருந்தையும் கடவுளே படைத்தார் என்பது சீராக் நூலின் போதனை.

மேலும், இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. அதைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசு நம் வீட்டு நீர்த்தொட்டிகளில் வாழ்கிறது. நோயுள்ள நாடுகளிலிருந்து சான்றிதழின்றி வருவோரை 6 நாள்கள் வரை தனிமைப்படுத்துவது இதனாலேயே. ஊசி போடாமல் சான்றிதழை மட்டும் தேடுபவர் எட்டாம் கட்டளையோடு ஐந்தாம் கட்டளையையும் மீறுகிறார்.

முன்மதியே மற்ற நற்பண்புகளை வழிநடத்துகிறது என்பார் புனித தோமா அக்குவினா. பிரெசில்லாக் ஆபத்தை அறிந்தே சகோதரர்களுக்காகக் கரையிறங்கினார். அன்று அவர் கையில் மருந்து இருந்ததில்லை. நம் கையில் இருக்கும் மருந்தை ஒதுக்கிவிட்டு, அந்த அலட்சியத்திற்கு அவருடைய துணிவின் பெயரைச் சூட்டலாகாது.