நெதர்லாந்து மிதிவண்டிப் பாதைகள்

நெதர்லாந்தில் மிதிவண்டிகளுக்கெனத் தனியே அமைந்த பாதைகள். மொத்த நீளம் சுமார் 35,000 கி.மீ. நாட்டு மக்களின் பயணங்களில் கால் பங்குக்கு மேல் மிதிவண்டியிலேயே நடக்கின்றன.

வரலாறு: இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்கள் பெருகின. 1971-இல் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். கொதித்தெழுந்த பெற்றோர், 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற முழக்கத்துடன் தெருவில் இறங்கினர். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்ட அரசு தடை விதித்தது. அந்தப் பத்தாண்டிலேயே டில்பர்க், ஹேக் நகரங்களில் மாதிரிப் பாதைகள் உருவாயின. 1980-களில் டெல்ஃப்ட் நகரம் முழுவதையும் இணைக்கும் பாதை வலையமைப்பு உருவானது.

அமைப்பு: பெரும்பாலும் செந்நிறத் தார்ப்பரப்பு. நல்ல வடிவமைப்பில், பக்கத் தெருவைக் கடக்கும் இடத்திலும் பாதையின் உயரமும் நிறமும் மாறுவதில்லை. காரே மேடேறி, வேகம் குறைத்து, வழிவிட வேண்டும். பெரிய சந்திப்புகளின் மூலைத் திட்டுகள், திரும்பும் கார்களிடமிருந்து மிதிவண்டியைக் காக்கின்றன.

பிற நாடுகள்: டென்மார்க்கின் கோபன்ஹேகனில் சாலையின் இருபுறமும், நடைபாதைக்குச் சற்றுத் தாழ்வாக, ஒருவழிப் பாதைகள் உள்ளன. ஸ்பெயினின் செவில் நகரம் 2006 முதல் சில ஆண்டுகளிலேயே நூறு கி.மீ.க்கு மேல் தடுப்பிட்ட பாதைகளை அமைத்து, மிதிவண்டிப் பயணத்தைப் பன்மடங்காக்கியது. பிரிட்டன், அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வெறும் வண்ணக்கோடுகளே நெடுங்காலம் பாதையாகக் கருதப்பட்டன. கோடு காரைத் தடுக்காது என்பதால் குழந்தைகளும் முதியோரும் அவற்றைப் பயன்படுத்தத் தயங்குகின்றனர்.