தொழில் பிறக்குமுன் தொழில்முறை வீராங்கனையானவர்

அமெரிக்காவின் 'லைஃப்' சஞ்சிகை 1965 ஆம் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களில் வெளியிட்ட மூன்று அட்டைப்படங்கள் பத்திரிகையாளர்களால் இன்றும் பேசப்படுபவை. ஏப்ரல் 16 ஆம் திகதி இதழில், வியட்நாம் போர்க்களத்தில் ஹெலிகொப்டர் ஒன்றினுள் லாரி பரோஸ் எடுத்த படம் வந்தது. ஏப்ரல் 30 இதழில், லெனார்ட் நில்சன் எடுத்த மனிதக் கருவின் படம் வந்தது. மே 14 இதழின் அட்டையிலோ 19 வயது யுவதி ஒருவர், உருண்டோடும் சிறு பலகையொன்றின் மீது கைகளை ஊன்றி, வெறுங்கால்கள் வானை நோக்கத் தலைகீழாக நின்றார். அவர் பெயர் பட்டி மெக்கீ. ஸ்கேட்போர்ட் விளையாட்டின் முதல் தொழில்முறை வீராங்கனை என்று வரலாறு பதிவு செய்திருப்பது இவரைத்தான்.

1945 இல் பிறந்த மெக்கீ, கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் வளர்ந்தவர். கடலலைச் சறுக்கல் அக்கரையோர இளைஞர்களின் வாழ்வாகவே இருந்த காலம் அது. அலை எழாத நாட்களில் அவர்கள் தெருவையே கடலாக்கிக் கொண்டனர். பலகைத் துண்டொன்றின் அடியில் ரோலர் ஸ்கேட் சில்லுகளைப் பொருத்தினால் போதும். விளையாட்டுக் கருவி தயாராகிவிடும். அலைச்சறுக்கலில் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றிருந்த மெக்கீ, 1964 இல் பெண்களுக்கான தேசிய சாம்பியனானார்.

இதன் பின்னர் நடந்ததுதான் முக்கியமானது. பழச்சாறு தயாரித்து வந்த விட்டா-பாக்ட் நிறுவனம், அலைச்சறுக்குப் பலகைகளுக்குப் புகழ்பெற்ற ஹோபி ஆல்டருடன் சேர்ந்து ஸ்கேட்போர்ட் உற்பத்தியில் இறங்கியது. அப்பலகைகளை மக்கள் முன் ஓட்டிக் காட்டுவதற்காக மெக்கீ அமர்த்தப்பட்டார். மாதம் 250 டொலர் ஊதியம். ஊர் ஊராகச் சென்று பல்பொருள் அங்காடிகளிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் அவர் தமது திறமையைக் காட்டினார். அன்று இவ்விளையாட்டுக்கென நிலையான போட்டித் தொடர்களோ வீரர்களுக்கான ஒப்பந்த மரபோ உருவாகியிருக்கவில்லை. அதாவது, தொழில் ஒன்று பிறப்பதற்கு முன்பே அவர் அதனைச் செய்து ஊதியம் பெற்றார்.

'லைஃப்' அட்டைப்படத்தை எடுத்தவர் பில் எப்ரிட்ஜ். 1968 இல் சுடப்பட்டு வீழ்ந்த ராபர்ட் கென்னடியின் படத்தையும் எடுத்தவர் இவரே. ஆனால் மெக்கீயின் படம் வெளியான அட்டையிலேயே, இந்த மோகத்துடன் இதன் ஆபத்தும் சேர்த்துக் குறிப்பிடப்பட்டிருந்தது. அச்சம் ஆதாரமற்றதன்று. அக்காலச் சில்லுகள் களிமண் கலவையால் ஆனவை. வீதியை இறுகப் பற்றாதவை. சிறு கல் ஒன்று அகப்பட்டாலே பலகை நின்றுவிடும், ஓட்டியவர் தூக்கி எறியப்படுவார். காயங்கள் பெருகின. நகர நிர்வாகங்கள் பல தடை விதித்தன. 1965 இறுதிக்குள் சந்தை சரிந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் மெக்கீயின் படத்தை அட்டையில் தாங்கி வந்த 'ஸ்கேட்போர்டர்' சஞ்சிகையும் அத்துடன் நின்று, பத்து ஆண்டுகளின் பின்னரே மீண்டும் வெளிவந்தது.

புகழின் உச்சியில் நின்ற யுவதியின் காலடியிலிருந்து விளையாட்டே மறைந்துபோயிற்று. அவர் புலம்பிக் கொண்டிருக்கவில்லை. வேறு ஊர்களில், வேறு தொழில்களில் தம் வாழ்வை அமைத்துக் கொண்டார்.

1970களின் முற்பகுதியில் ஃபிராங்க் நாஸ்வொர்தி அறிமுகப்படுத்திய யூரெத்தேன் சில்லுகள் விளையாட்டுக்கு மறுவாழ்வு அளித்தன. 1975 இல் டெல் மார் போட்டியில் களமிறங்கிய செஃபைர் அணி இளைஞர்கள் புதிய நாயகர்களாயினர். அவ்வணியில் இருந்த ஒரே பெண் பெக்கி ஓக்கி. 2001 இல் வெளியான ஆவணப்படம் ஒன்று அந்த அணியின் கதையை உலகறியச் செய்தது. விளைவாக, ஸ்கேட்போர்ட் வரலாறே அங்குதான் தொடங்கியது எனப் பலரும் எண்ணலாயினர். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னரே ஒரு பெண் இதனால் வருவாய் ஈட்டினார் என்ற உண்மை பின்தள்ளப்பட்டது. மீண்டு எழுந்தவர்களின் கதையே வரலாறாக எழுதப்படுவதும், முதலடி எடுத்து வைத்தவர்கள் அடிக்குறிப்பாகிப் போவதும் நீண்டகாலம் செய்தித்துறையில் இருந்த எனக்குப் பழகிப்போன ஒன்று.

அந்தக் குறை ஓரளவு தீர்ந்தது 2010 இல்தான். ஸ்கேட்போர்ட் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதற் பெண் என்ற கௌரவம் அவ்வாண்டு மெக்கீக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 65ஐ நெருங்கியிருந்தது. 2021 ஜூலை 26 ஆம் திகதி டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான வீதிப் பிரிவு முதன்முறையாக நடைபெற்றது. ஜப்பானின் மொமிஜி நிஷியா தங்கமும், பிரேசிலின் ரைசா லீல் வெள்ளியும் வென்றனர். இருவருக்கும் வயது 13.

மெக்கீ 2024 ஒக்டோபர் 16 ஆம் திகதி, தமது 79வது வயதில் காலமானார். அவரை நினைவுகூருவோர் பெரும்பாலும் அந்த அட்டைப்படத்தையே குறிப்பிடுகின்றனர். எனது பார்வையில், அப்படத்தை விடக் கனமானது அந்த 250 டொலர் ஊதியம். பெண்ணின் திறமை வேடிக்கைப் பொருளன்று, கூலி கொடுத்துப் பெறவேண்டிய உழைப்பு என்பதை ஸ்கேட்போர்ட் உலகில் முதலில் நிலைநாட்டியது அதுவே.