கொழும்புத் தமிழ் நாடக மேடை: கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும்

இலங்கைத் தலைநகரில் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளில், பகலில் வேறு தொழில் பார்த்தவர்கள் மாலையில் ஒத்திகை பார்த்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வளர்த்துவந்த அரங்க மரபே கொழும்புத் தமிழ் நாடக மேடை. இதற்கு இரண்டு முனைகள். வடக்கே கொட்டாஞ்சேனை (கொழும்பு 13), அதை ஒட்டிய ஜிந்துப்பிட்டி, செட்டியார் தெரு. துறைமுகத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் இந்திய வம்சாவளியினரும் கத்தோலிக்கரும் நெருங்கி வாழ்ந்த இடம். தெற்கே கொழும்பு 6: வெள்ளவத்தை. யாழ்ப்பாணத்திலிருந்து கந்தோர் உத்தியோகத்துக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் இடம். இரண்டில் மூத்தது வடக்கு. எழுதப்பட்ட வரலாற்றில் அது தெரிவதில்லை. எழுதியவர்களில் அதிகம் பேர் தெற்குக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வேண்டியவர்கள்.

வடக்கின் மூப்புக்குக் கடற்கரையே காரணம். மன்னார் தொடக்கம் சிலாபம், நீர்கொழும்பு வரை கத்தோலிக்கத் தமிழர் ஆடிய கூத்துகள் தெற்கு நோக்கி நகர்ந்துதான் ‘நாடகம’ என்ற சிங்களக் கூத்து பிறந்தது. அதன் தந்தையென்று சிங்களவர் கொண்டாடும் பிலிப்பு சிங்ஞோ, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் வாழ்ந்த கொல்லர். தமிழ்க் கூத்தின் விருத்தங்களும் கட்டியங்காரனும் பாத்திரங்களின் வரவுப் பாட்டும் அவர் வழியே சிங்களத்துக்குப் போயின. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1950களில் இந்த உறவை ஆராய்ந்து எழுதினார். எழுதியதோடு நில்லாமல் நாடகம மெட்டிலேயே ‘மனமே’ நாடகத்தை ஆக்கி, 1956 நவம்பர் 3இல் லயனல் வென்ட் அரங்கில் ஏற்றினார். அம்பலாங்கொடை நாடகமக் கலைஞர் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேதான் இசைக்கு வழிகாட்டி. சிங்கள நவீன நாடகத்தின் பிறந்தநாளாக அது இன்றும் கொண்டாடப்படுகிறது. கொடுத்த பக்கத்துக்குக் கிடைத்த நன்றி சிறிது.

இரண்டாவது அலை கப்பலில் வந்தது. 1882இல் பம்பாய்ப் பார்சிகளின் எல்பின்ஸ்டன் நாடகக் குழு கொழும்பில் ‘இந்திர சபா’வைப் போட்டது. திரைச்சீலைக் காட்சிகளும் மினுங்கும் உடைகளும் ஹார்மோனியமும் ஊரையே கிறங்க வைத்தன. சி. டொன் பஸ்தியான் போன்றோர் அதைப் பார்த்துச் சிங்கள ‘நூர்த்தி’யை வளர்த்தார்கள், 1911இல் மருதானையில் டவர் மண்டபம் எழுந்தது. தமிழ்ப் பக்கம் அதே பார்சி பாணி, தமிழ்நாட்டுக் கம்பெனிகள் வழியாக, சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுகளோடு வந்து இறங்கியது. தூத்துக்குடியிலோ தனுஷ்கோடித் துறையிலோ பயணத்தைத் தொடங்கிய நடிகர்களுக்குக் கொழும்பு ஒரு பெரிய வசூல் ஊர். 1926 வாக்கில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்தது கொழும்பு மேடையில்தான். அடுத்த ஆண்டு மணம் முடித்தார்கள். தமிழ் நாடக உலகம் ஓயாமல் பேசிய அந்த இணை, ஒருவர் பாட்டுக்கு மற்றவர் ஈடு கொடுக்கும் போட்டியாகக் கொழும்புச் சனத்துக்கு முன்னால் அறிமுகமானது. கம்பெனிகள் திரும்பிப் போனபின்னும் ஜிந்துப்பிட்டியில் ஆர்மோனியக்காரரும் ஒப்பனைக்காரரும் ராஜபார்ட் ஆசை பிடித்த இளைஞரும் எஞ்சினார்கள். அவர்களைக் கொண்டே உள்ளூர்ச் சபாக்கள் முளைத்தன.

படித்தவர்களின் நாடகம் இதற்குப் பக்கத்தில், ஆனால் இதோடு ஒட்டாமல் தொடங்கியது. சென்னையில் 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை, 1910களின் முற்பகுதியில் கொழும்புக்கு வந்து நாடகம் போட்டது. கூத்தாடி என்று பழிக்கப்பட்ட தொழிலில் வழக்கறிஞர்களும் உத்தியோகத்தரும் இறங்கி நடிப்பதைப் பார்த்த க. சொர்ணலிங்கம், சில ஆண்டுகளுக்குள் நண்பர்களைச் சேர்த்து இலங்கைச் சுபோத விலாச சபையை நிறுவினார். ‘வாணிபுர வணிகன்’, ‘வேதாள உலகம்’ முதலிய பம்மலின் நாடகங்களே அவர்களுக்கு முதற்பாடம். ஈழத்து நவீன நாடகம் இங்கேதான் தொடங்குகிறது. பின்னாளில் ‘கலையரசு’ ஆன சொர்ணலிங்கம், ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்று தன் அனுபவங்களைப் புத்தகமாகவே எழுதிவைத்தார். சுபோத விலாச சபை பற்றி இவ்வளவு தெரிவதும், அதே காலத்து ஜிந்துப்பிட்டிச் சபாக்கள் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே தெரியாததும் அந்தப் புத்தகத்தால்தான். ஜிந்துப்பிட்டியில் யாரும் நினைவுகள் எழுத உட்காரவில்லை.

பல்கலைக்கழகக் கல்லூரித் தமிழ்ச் சங்கத்துக்காகப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை எழுதிய நாடகங்கள் வேறு திசையில் போயின. 1940இல் வெளிவந்த ‘நானாடகம்’ தொகுப்பின் நான்கு நாடகங்களும் யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் அமைந்தவை. அவற்றில் ஒன்றான ‘நாட்டவன் நகர வாழ்க்கை’, கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த ஒருவனின் கதை. பார்க்க வந்த சனத்தில் பாதிப்பேருக்கு அது தங்கள் கதை. ‘மனமே’க்குப் பின் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிச் செப்பனிட்டு ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ (1968) ஆகியவற்றை மேடையேற்றினார். இவை பேராதனையில் உருவானவை என்றாலும் கொழும்பு மேடை அவற்றைத் தனதாக்கிக்கொண்டது. கூத்து பார்ப்பது கௌரவக் குறைவு என்றிருந்த வெள்ளவத்தைக் குடும்பங்கள் டிக்கெட் வாங்கிக் கூத்துப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இரு முனைகளையும் இணைத்தவர்கள் கொஞ்சப்பேர். அவர்களில் முதல் பெயர் லடீஸ் வீரமணி. வடகொழும்புச் சபாக்களில் தேறிய இந்த நடிகர், அ. ந. கந்தசாமியின் ‘மதமாற்றம்’ நாடகத்தை நெறிப்படுத்தினார். கவிஞர் மஹாகவியின் ‘கண்மணியாள் காதை’யை வில்லுப்பாட்டாக ஊர் ஊராகக் கொண்டுபோனார். படித்தவர் எழுத, படிக்காத மேடை பாட, இருவர் சனமும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்தது. ‘அக்கினிப் பூக்கள்’ எழுதிய அந்தனி ஜீவா இதே வழியில் வந்தவர். ஈழத் தமிழ் நாடகத்தின் வரலாற்றையும் எழுதியவர்.

ஒரு நாடகம் மேடையேறும் விதம் இரு முனையிலும் ஒன்றுதான். கடை பூட்டியபின், அல்லது கந்தோர் விட்டபின், ஒழுங்கைக்குள் ஒரு வீட்டு முன்னறையில் ஒத்திகை. வசனம் மறந்தவனுக்கு ஜன்னலுக்கு வெளியே நிற்கும் பையன் எடுத்துக் கொடுப்பான். மூன்றாம் வாரத்துக்குள் தெருவுக்கே பாடம். 1912ஆம் ஆண்டின் பொது அரங்காற்றுகைச் சட்டத்தின்படி எழுத்துப் பிரதியைத் தணிக்கைச் சபைக்கு அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். நாடக மலருக்கு விளம்பரம் செட்டியார் தெரு நகைக்கடைகளில். டிக்கெட்டுகள் கைமாறி வீடுவீடாகப் போகும். வாங்கியவர் வராவிட்டாலும் காசு சேர்ந்துவிடும். அது பாடசாலைக் கட்டடத்துக்கோ கோயில் திருப்பணிக்கோ போகும். நாடகம் எப்படி என்பது இரண்டாவது கேள்வி. கொட்டாஞ்சேனைக்கு 1902இல் தோன்றிய விவேகானந்த சபையின் மண்டபம், வெள்ளவத்தைக்கு இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும் 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கமும், நடுவே பம்பலப்பிட்டியின் சரஸ்வதி மண்டபம். பஸ் ஏறாமல் நடந்துபோகும் தூரத்தில் மண்டபம் இருந்தபடியால்தான் பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள்.

இதே பாடத்தை வேறோர் ஊரும் கண்டிருக்கிறது. நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் 1926இல் டபிள்யூ. இ. பி. டுபோய்ஸ், கறுப்பினத்தவரின் நாடகம் அவர்களைப் பற்றியதாக, அவர்கள் எழுதியதாக, அவர்களுக்கானதாக, அவர்கள் குடியிருப்பை ஒட்டியதாக இருக்க வேண்டுமென்று நான்கு நிபந்தனை வைத்தார். அவரது கிரிக்வா குழு நாடகம் போட்டது 135ஆம் தெரு நூலகத்தின் நிலவறையில். நூலகமும் மேடையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்கத்துக்கு இது அந்நியமான ஏற்பாடு அல்ல. நான்காவது நிபந்தனையைக் கொழும்புத் தமிழர் யாரும் சொல்லாமலே நிறைவேற்றினார்கள். முதல் மூன்றும் பரவலாக நிறைவேற 1960கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பொற்காலம் 1970கள். அ. தாசீசியஸ் மஹாகவியின் ‘கோடை’யையும் ‘புதியதொரு வீடு’ நாடகத்தையும் நெறிப்படுத்தினார். என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’, சாதித் தடைக்கு எதிரான மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தைக் காத்தவராயன் கூத்துப் பாணியில் பேசியது. வானொலியின் ‘கோமாளிகள்’ தொடரில் எஸ். ராம்தாஸ், ரி. ராஜகோபால், உபாலி செல்வசேகரன், பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோர் முஸ்லிம், யாழ்ப்பாண, சிங்கள, பிராமணப் பேச்சுகளை ஒரே வீட்டுக்குள் மோதவிட்டுச் சிரிக்க வைத்தார்கள். 1976இல் அது படமாயிற்று. க. பாலேந்திரா 1978இல் தொடங்கிய அவைக்காற்று கலைக் கழகம் டென்னஸி வில்லியம்ஸை ‘கண்ணாடி வார்ப்புகள்’ ஆகவும், பிரெக்டை ‘யுகதர்மம்’ ஆகவும், லோர்காவை ‘ஒரு பாலை வீடு’ ஆகவும் தந்தது. லோர்காவின் நாடகத்தில் ஆண் பாத்திரமே இல்லை. ஆண்கள் சேலை கட்டி நடித்துப் பழகிய மேடையில் இது சிறிய மாற்றம் அல்ல.

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான வன்முறையில், கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் எரிந்தன. நடிகரும் பார்வையாளரும் அகதி முகாம்களுக்கும், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் மேற்குக்கும் சிதறினார்கள். அவைக்காற்று கலைக் கழகம் இலண்டனில் தொடர்ந்தது. தாசீசியஸும் புலம்பெயர்ந்தார்.

பிற்காலத்தில் அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகளும் அரச நாடக விழாவும் இடையிடையே தமிழ் நாடகத்துக்கு இடம் தந்தன. பராக்கிரம நிரியெல்ல, எச். ஏ. பெரேரா ஆகியோர் 2002இல் தொடங்கிய ‘மக்கள் களரி’ சிங்கள, தமிழ் நடிகரைக் கொண்டு கூடார அரங்கோடு நாடெங்கும் சுற்றியது. தற்போது பாடசாலைகளில் ‘நாடகமும் அரங்கியலும்’ ஒரு பரீட்சைப் பாடம். வெள்ளவத்தை மண்டபங்களில் நூல் வெளியீட்டுக்கும் அரங்கேற்றத்துக்கும் நடுவே நாடகத்துக்கும் நாள் ஒதுக்கப்படுகிறது.