துயரத்தைத் தாங்கும் ஸஃப்புகள்

புகழனைத்தும் ஏக இறைவன் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!



மனிதனுக்குத் துயரம் வரும்போது ஆறுதல் எங்கிருந்து வருகிறது? நாவன்மை மிக்க ஒருவர் வந்து நான்கு நல்ல வார்த்தைகள் சொன்னால் மனம் தேறிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் இஸ்லாமிய வரலாற்றைப் புரட்டினால் வேறொரு விடை கிடைக்கிறது. நாள்தோறும் செய்து பழகிய சின்னஞ்சிறு அமல்களும், அவற்றை நம்மோடு சேர்ந்து செய்த மனிதர்களுமே துயர நாளில் நம்மைத் தாங்கி நிற்கின்றனர். வெள்ளம் வந்த பிறகு கரை கட்ட முடியாது. அதுபோல இந்த இரண்டையும் துயரம் வருவதற்கு முன்பே நாம் தேடி வைத்திருக்க வேண்டும். இதற்கான சான்றுகளை நபி (ஸல்) அவர்களின் காலத்திலிருந்து நம் தமிழகத்தின் அண்மைக் காலம் வரை சற்று நோக்குவோம்.

துயர ஆண்டுக்குப் பின் வந்த ஆறுதல்

நபித்துவத்தின் 10ஆம் ஆண்டு (கி.பி. 619) வரலாற்றில் ‘ஆமுல் ஹுஸ்ன்’, அதாவது துயர ஆண்டு எனப்படுகிறது. கால் நூற்றாண்டுக் காலம் இல்லறத்தில் உடனிருந்த அன்னை கதீஜா (ரலி) அவர்கள் அவ்வாண்டில் மறைந்தார்கள். அரணாக நின்ற பெரிய தந்தை அபூதாலிபும் இறந்தார். ஆதரவு தேடிச் சென்ற தாயிஃப் நகரமோ கல்லெறிந்து திருப்பி அனுப்பியது.

மிஃராஜ் நடந்த ஆண்டைக் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் இத்துயரங்களுக்குப் பின்னரே அது நிகழ்ந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கூற்று. அந்தப் பயணத்தில் உம்மத்துக்குக் கிடைத்த வெகுமதி என்ன? நாளொன்றுக்கு ஐந்து வேளைத் தொழுகை! துயரத்தில் துவண்ட உள்ளத்துக்கு அல்லாஹ் அளித்த ஆறுதல், ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய ஒரு பழக்கமாக வந்ததைச் சிந்தித்துப் பாருங்கள். பொறுமையைக் கொண்டும் தொழுகையைக் கொண்டும் உதவி தேடும்படி திருமறையும் (2:153) நமக்குக் கட்டளையிடுகிறது. நபி (ஸல்) அவர்களும் பிலால் (ரலி) அவர்களை அழைத்து, தொழுகைக்கு அழைப்பு விடுத்து எங்களுக்கு இளைப்பாறுதல் தாருங்கள் என்ற கருத்தில் கூறுவார்கள் என்பதை அபூதாவூதில் காண்கிறோம்.

வராதவரைத் தேடிய மாநபி

தொழுகையைத் தனியே தொழுதாலும் கடமை நீங்கும். பிறகு ஏன் ஜமாஅத்துக்கு இத்தனை சிறப்பு? நன்மை பன்மடங்கு என்பது ஒருபுறம். ஸஃப்பில் ஓர் இடம் காலியானால் அது கண்ணில் படும் என்பது மறுபுறம்.

நபித்தோழர் ஒருவர் தம் சிறு மகனை அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களின் சபைக்கு வருவது வழக்கம். அந்தக் குழந்தை இறந்துபோனது. மகனின் நினைவு வாட்டியதால் அவர் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவரைக் காணவில்லையே என்று மாநபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். நடந்ததை அறிந்ததும் அவரைச் சந்தித்து, குழந்தையைப் பற்றிக் கேட்டு, சுவனத்தின் எந்த வாசலுக்கு அவர் சென்றாலும் அம்மகன் முந்திச் சென்று திறந்து கொடுப்பான் என்ற கருத்தில் நன்மாராயம் கூறினார்கள். இது நஸாயீயில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி.

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கி வந்த ஓர் எளிய பெண்மணியின் செய்தியை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. அவரைக் காணாததால் நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இறந்துவிட்டார் என்றனர் தோழர்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று வினவிவிட்டு, அவரது கப்ரைக் காட்டச் சொல்லி அங்கே சென்று தொழுதார்கள். இரு நிகழ்ச்சிகளிலும் அந்த விசாரிப்பே ஆறுதலின் தொடக்கம். தினமும் வருபவர் என்பதால்தான் வராதது தெரிந்தது. ஆக, ஒருவரின் பழக்கமே அவருக்குத் தோழர்களைத் தேடித் தருகிறது.

துக்க வீட்டின் அடுப்பு

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 629) மூத்தா போரில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். செய்தி மதீனாவை எட்டியதும் நபி (ஸல்) அவர்கள் ஜஅஃபரின் பிள்ளைகளை அருகே அழைத்து அணைத்துக் கண்ணீர் வடித்தார்கள். பின்னர் தம் வீட்டாரிடம், துக்கம் அவர்களை ஆட்கொண்டிருப்பதால் ஜஅஃபரின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என்று பணித்தார்கள். மையித்து வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சோறாக்கிக் கொடுக்கும் நம் ஊர் வழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. துக்க வீட்டார் ஊருக்கு விருந்து வைப்பதல்ல, ஊரார் அவர்களுக்கு உணவு கொடுப்பதே சுன்னத் என்பதை இவ்விடத்தில் நினைவில் கொள்ள வேண்டும்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வழக்கமும் அறியத்தக்கது. தம் குடும்பத்தில் ஒருவர் மறைந்து, கூடியிருந்த பெண்கள் கலைந்து, நெருங்கியவர்கள் மட்டும் எஞ்சியிருக்கும் நேரத்தில், ஒரு சட்டியில் ‘தல்பீனா’ காய்ச்சச் சொல்வார்கள். வாற்கோதுமை மாவில் செய்யப்படும் கஞ்சி அது. அது நோயாளியின் உள்ளத்துக்கு இதமளிக்கும், கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அறிவிப்பார்கள் (புகாரி). கூட்டம் கலைந்த பிறகுதான் தனிமை தொடங்குகிறது. அந்த நேரம் பார்த்துச் சூடான கஞ்சி வந்தது! இதைவிடப் பெரிய மனநல மருத்துவம் உண்டா?

இழப்புகளுக்கு இடையே எழுதிய பேரறிஞர்

ஒன்றுகூடுவதே ஆபத்தாகும் காலமும் வரலாற்றில் வந்ததுண்டு. ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) ஷாம் தேசத்தில் பரவிய அம்வாஸ் கொள்ளைநோயில் அபூ உபைதா (ரலி), முஆத் இப்னு ஜபல் (ரலி) போன்ற பெரும் ஸஹாபாக்கள் வஃபாத்தானார்கள். பின்னர் பொறுப்பேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைகளுக்குக் கலைந்து செல்லுமாறு கூறினார்கள்.

அடுத்து எகிப்துக்கு வருவோம். அரபி மத்ரஸாக்களில் புகாரி ஷரீஃப் ஓதப்படும்போது இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) அவர்களின் ‘ஃபத்ஹுல் பாரி’ விரிவுரையைக் குறிப்பிடாத ஆசிரியர் இல்லை. ஹிஜ்ரி 773இல் (கி.பி. 1372) பிறந்த அவர்கள் இளமையிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள். ஹிஜ்ரி 817இல் ஃபத்ஹுல் பாரியைத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில், 819இல் (கி.பி. 1416) பரவிய கொள்ளைநோயில் தம் பெண்மக்கள் இருவரை இழந்தார்கள். 833இல் (கி.பி. 1430) மீண்டும் வந்த கொள்ளைநோய், கருவுற்றிருந்த மூத்த மகள் ஸைன் காத்தூனையும் கொண்டுசென்றது. கொள்ளைநோயைப் பற்றியே ‘பத்லுல் மாஊன்’ என்ற தனி நூலையும் அவர்கள் எழுதினார்கள். 833இல் கெய்ரோ மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, பாலைவெளியில் பெருந்திரளாகக் கூடி துஆச் செய்தனர். அதற்கு முன் நாளொன்றுக்கு 40க்கும் குறைவாக இருந்த மரணங்கள், பின்னர் 1,000ஐத் தாண்டின என்பதை அவர்கள் அந்நூலில் பதிவு செய்துள்ளார்கள்.

இவ்வளவு இழப்புகளுக்கு இடையிலும் ஃபத்ஹுல் பாரி நிற்கவில்லை. மாணவர்களுக்குச் சொல்லி எழுதவைத்தலாகத் தொடங்கிய பணி, பிறகு சிறிது சிறிதாகத் தம் கையாலேயே எழுதுவதாக மாறியது. எழுதிய பகுதியை மாணவர்கள் படியெடுப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் அனைவரும் கூடி, வாசித்து, ஒப்புநோக்கி, விவாதித்துத் திருத்துவார்கள். ஹிஜ்ரி 842இல் (கி.பி. 1438) நூல் நிறைவடைந்தபோது சுமார் 500 தீனார் செலவில் பெரும் விருந்தளித்தார்கள் இமாம் அவர்கள். மகள்களை இழந்த தந்தையின் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை அல்லாஹ்வே அறிவான். நம் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான்: 25 ஆண்டுகள் சிறிது சிறிதாக எழுதிய எழுத்து, அதைச் சுற்றி அமர்ந்த மாணவர்கள். துயரம் வந்த நாட்களிலும் அவர்களுக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது, உடனிருக்கச் சிலர் இருந்தனர்.

பள்ளிவாசல் கதவுகள் மூடிய நாட்கள்

அன்பர்களே! ஏட்டில் படித்த அம்வாஸையும் கெய்ரோவையும் நம் கண்முன் கொண்டுவந்த ஆண்டு 2020. மார்ச் 24 மாலை தமிழகத்தில் ஊரடங்கு தொடங்கியது. பாங்கு ஒலித்தது, ஸஃப்புகள் நிற்கவில்லை. குவைத்தில் அதே மார்ச் மாதம் பாங்கிலேயே வீடுகளில் தொழுமாறு அறிவிக்கப்பட்டது. கடும் மழை நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் முஅத்தினுக்குக் கற்றுத் தந்த சலுகைதான் அது. கூடுவது அமல் என்றால், பிறர் உயிரைக் காக்கக் கூடாமல் இருப்பதும் அமலே.

ஏப்ரல் 25 அன்று ரமளான் பிறந்தது. அஸருக்குப் பின் பள்ளிவாசலில் கஞ்சி மணக்கும் மாதம் அது. தூக்குவாளியோடு வரிசையில் நிற்கும் சிறுவர்களும், மதம் பாராமல் வந்து வாங்கிச் செல்லும் அண்டை வீட்டாரும் இல்லாத ரமளானை நம் பெரியவர்கள்கூடக் கண்டதில்லை. அவ்வாண்டு தமிழக அரசு 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 மெட்ரிக் டன் அரிசி ஒதுக்கியது. கூடிக் காய்ச்ச வழியில்லாததால், அந்த அரிசியைத் தன்னார்வலர்கள் மூலம் வீடுகளுக்கே கொடுப்பது என முடிவாயிற்று. பள்ளியில் ஒரே அண்டாவில் கொதிக்க வேண்டிய கஞ்சி ஆயிரமாயிரம் வீட்டு அடுப்புகளில் கொதித்தது. அதுவரை யாருக்கும் இமாமாக நின்றிராத தகப்பன்மார்கள் மனைவி மக்களை நிறுத்தித் தராவீஹ் நடத்தினர். கதவு மூடியது, பழக்கம் மூடவில்லை. அந்தப் பழக்கமே பல குடும்பங்களை அச்சத்திலிருந்து காத்தது.

பெரிய பள்ளிவாசல்கள் 2020 செப்டம்பர் 1 அன்று, இடைவெளி விட்ட ஸஃப்புகளுடன் மீண்டும் திறந்தன. இரண்டாம் அலையில், 2021 ஏப்ரல் 26 முதல் ஜூலை 5 வரை மறுபடியும் வழிபாட்டுத் தலங்கள் மூடியிருந்தன. அக்காலத்தில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் உள்ளிட்ட அமைப்புகளின் தன்னார்வலர்கள், உறவினரே நெருங்கத் தயங்கிய உடல்களை, எச்சமயத்தவராயினும், உரிய கண்ணியத்தோடு இறுதிப் பயணம் அனுப்பிவைத்தனர். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக!

நிலுவையில் நிற்கும் கடன்

ஆனால் ஒரு கடன் இன்னும் தீரவில்லை. அந்நாட்களில் ஜனாஸாவில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. எத்தனையோ வீடுகளுக்குத் தஃஸியத் சொல்ல யாரும் செல்லவில்லை. சோற்றுச் சட்டி போகவில்லை. நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்த பெண்களுக்குத் தொலைபேசி மட்டுமே துணையாக இருந்தது. அவர்களுள் சிலர் இன்றும் நம் தெருக்களில் தேற்றப்படாத மனத்தோடு வாழ்கின்றனர்.

தஃஸியத்தின் காலம் மூன்று நாட்கள்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். துக்கத்தைக் கிளறிவிடக் கூடாது என்பதற்காகவே மூன்று நாட்களுக்குப் பின் அது வெறுக்கத்தக்கது என ஃபுகஹாக்கள் கூறினர். ஆயினும் அப்போது ஊரில் இல்லாதவருக்கு அவர்களே விதிவிலக்கும் அளித்தனர். மேலும், இத்தனை ஆண்டுகள் கழித்து அழுகையைப் புதுப்பிக்க வேண்டும் என்று இங்கே சொல்லவில்லை. ஒரு ஸலாம் சொல்லுங்கள். வீட்டில் காய்ச்சியதில் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள். அந்த வீட்டுப் பிள்ளையை மஃரிபுக்குப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். பெண்கள் குர்ஆன் ஓதக் கூடும்போது அந்தச் சகோதரியையும் கூப்பிட்டு அருகில் அமர்த்துங்கள். இவை புதிய சடங்குகள் அல்ல, பழைய சுன்னத்துகள்.

வீட்டிலேயே தொழப் பழகி, பள்ளிக்குத் திரும்பாமலேயே இருந்துவிட்ட முதியவர்கள் சிலரும் உண்டு. எரியோடு, வேடசந்தூர் வட்டாரங்களில் நூற்பாலை ஷிப்டுகளில் உழைக்கும் இளைஞர்களுக்கு ஐந்து வக்தும் ஜமாஅத் கிடைப்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல வேண்டாம். நாளொன்றுக்கு ஒரு வக்தையாவது, இரவு ஷிப்டு முடிந்து வரும் சுப்ஹாக இருந்தாலும், தம்முடையது என்று அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். அந்த ஒரு வக்தில் அவர் வராவிட்டால், தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் பக்கத்தில் நிற்பவர் கேட்கட்டும்: “இன்று ஏன் அவரைக் காணோம்?”

இந்த ஒரு கேள்வி மாநபி (ஸல்) அவர்களின் சுன்னத். இதைக் கேட்க ஆளிருக்கும் ஊரில் எவரும் தனியாகத் துயரப்படுவதில்லை. நாளை நமக்கும் ஒரு துயர நாள் உண்டு. அன்று நம்மைக் காணவில்லையே என்று தேடுபவர்களை நாம் இன்றைய ஸஃப்பில்தான் சம்பாதிக்க வேண்டும்.

யா அல்லாஹ்! தொழுகையை எங்கள் கண் குளிர்ச்சியாக ஆக்குவாயாக! எங்கள் தோழமையை உனக்காக ஆனதாக ஆக்குவாயாக! கொள்ளைநோயில் மரணித்தவர்களுக்கு ஷஹீதுகளின் நற்கூலியை வழங்குவாயாக! அவர்களை இழந்த உள்ளங்களுக்கு எங்கள் கைகளின் வழியே ஆறுதல் சேர தவ்ஃபீக் செய்வாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.