செலோத்தே

பழைய தமிழ் விவிலியத்தில் இயேசுவின் சீடர் ஒருவர் 'செலோத்தே என்னப்பட்ட சீமோன்' என்று குறிக்கப்படுகிறார். கிரேக்கத்தில் 'ஸேலோடேஸ்' என்றால் பற்றார்வம் மிக்கவர், வைராக்கியம் கொண்டவர் என்று பொருள். எபிரேயத்தில் இதற்கு நிகரான சொல் 'கன்னாய்'. அதன் வேரில் பொறாமையும் பக்தி வைராக்கியமும் ஒன்றாகக் கிடக்கின்றன. பத்துக் கட்டளைகளில் வரும் 'எரிச்சலுள்ள தேவன்' என்ற தொடரும் அந்த வேரிலிருந்து பிறந்ததே. தமிழில் 'எரிச்சல்' என்று பெயர்த்தவர்கள் அச்சொல்லின் சூட்டைச் சரியாகவே பிடித்தார்கள்.

கி.பி. 66இல் யூதர்கள் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அந்தப் போரின்போது ஒரு குழு செலோத்தியர் என்று இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டு எருசலேம் ஆலயத்தைக் கைப்பற்றியது. அதன் தலைவன் சீமோனின் மகன் எலெயாசர். 70இல் நகரம் மூன்றாகப் பிளந்து கிடந்தது: ஆலயத்தின் உட்பிராகாரம் எலெயாசரிடம், வெளிப்பிராகாரம் கிஸ்காலா யோவானிடம், மேல்நகரம் சீமோன் பார் கியோராவிடம். ஒருவரையொருவர் தாக்கியதில், பல ஆண்டுக்குப் போதுமான தானியக் கிடங்குகள் எரிந்துபோயின. ரோமானியர் வந்து முற்றுகையிடும் முன்பே, தம் மக்களின் சோற்றில் தாமே தீ வைத்த கொடுமை இது. எந்த வைராக்கியமும் இதற்குச் சமாதானம் ஆகாது. பஸ்கா பண்டிகைக்குக் கதவு திறக்கப்பட்டபோது, யோவானின் ஆட்கள் ஆடைக்குள் ஆயுதம் மறைத்து நுழைந்து உட்பிராகாரத்தையும் பிடித்தார்கள்.

இவற்றை எழுதிவைத்த யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், ரோமானியர் பக்கம் சேர்ந்துவிட்டவர், செலோத்தியரை வெறுத்தவர். அவர் எழுத்தைப் படிக்கும்போது அதை மறக்கக் கூடாது. ஆனால் கிடங்குகள் எரிந்த செய்தி யூதரின் தல்மூதிலும் இருக்கிறது.